ஐம்பத்தொரு விநாடிக் கதவு

கம்பெனிக்காரன் ஒரு எண்ணைச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். யூனியன்காரன் சொன்னாலும் அப்படித்தான். சொல்கிறவனுக்கு அதில் ஏதோ ஒரு ஆதாயம் இருக்கும். இந்த அளவுக்குப் புத்தி இருந்தும், தொண்ணூற்றேழாம் வருடம் நானே ஒரு எண் பிறக்கக் காரணமாகிவிட்டேன். அந்த எண் ஐம்பத்தொன்று. அதனால் தொழிற்சாலையே ஒரு வாரம் பைத்தியம் பிடித்து அலைந்தது.

ஸ்பெயினில் வலென்சியாவுக்குத் தெற்கே, நெல்வயல்கள் முடிகிற இடத்தில் எங்கள் கார் தொழிற்சாலை. நான் இடது கதவு லைனில் இருந்தேன். வயது ஐம்பத்தாறு. அதற்கு முன் பதினோரு வருடம் ஜெர்மனியில் சமையல் பாத்திரம் அடிக்கிற ஆலையில் கிடந்தேன். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு கம்பளிக் கோட்டும், திட்டுவதற்கும் திட்டினால் புரிந்துகொள்வதற்கும் போதுமான ஜெர்மன் மொழியும்தான். கோட்டை இங்கே போட வாய்ப்பே இல்லை. மொழிதான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

அந்த வருடம் கம்பெனி புதிதாக ஒரு வேன் செய்யப்போகிறது என்று பேச்சு. எங்களுக்கு வருமா, ஜெர்மனியில் இருக்கிற இதே கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலைக்குப் போகுமா என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் மேனேஜர் லியாந்த்ரோ எங்களையெல்லாம் கூட்டிவைத்துச் சுவரில் படம் காட்டினார். நீலக் கம்பம் ஜெர்மனி, சிவப்புக் கம்பம் நாங்கள். சிவப்பு உயரமாக இருந்தது. உயரமாக இருப்பது நல்லது என்று நினைத்து ஒனோரத் கை தட்டினான்.

"அது செலவுடா, மடையா" என்று அவன் தலையில் ஒன்று போட்டாள் எம்பார்.

ஒனோரத் என்னோடு கதவு மாட்டுகிறவன். நூற்றுப்பதினெட்டு கிலோ. எம்பார் கீல் பொருத்துகிறவள், எங்கள் லைனின் யூனியன் பிரதிநிதி. நாற்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் போர்மன் எல்லோரும் கழிவறைக்குப் போய்விடுவார்கள்.

மேனேஜர் சொன்னது இது. ஒரு கார் செய்ய ஜெர்மானியர்களைவிட எங்களுக்கு நாலாயிரத்து இருநூறு பெசெட்டா கூடுதலாகச் செலவாகிறது. அவர்கள் ஒரு கதவை ஐம்பத்தெட்டு விநாடியில் மாட்டுகிறார்கள். நமக்கு அறுபத்து நாலு ஆகிறது. வேன் வேண்டுமென்றால் எங்கேயாவது குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது? எங்கள் ஒன்பதரை ரொட்டியில்.

காலை ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கும். ஒன்பதரைக்கு நிற்கும். இருபது நிமிடம். அரை முழ நீள ரொட்டியை நடுவில் பிளந்து, ரத்தம் அடைத்த கறுப்புச் சாசேஜோ குதிரைக்கறியோ அவரை வறுவலோ உள்ளே வைத்து, பக்கத்தில் ஆலிவ், தோலோடு வேர்க்கடலை, சோடா கலந்த வைன். அந்த இருபது நிமிடத்தில்தான் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். மீதி ஏழு மணி நேரமும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க முடியாது, கதவைத்தான் பார்க்க வேண்டும். அந்த இருபதைப் பன்னிரண்டாக்க வேண்டும் என்றார் லியாந்த்ரோ.

"சார், ஜெர்மன்காரன் நின்னுக்கிட்டே திங்கறவன். அவங்களோட எங்கள ஏன் சேக்குறீங்க?" என்றான் ஒனோரத்.

"வேன் வேணுமா, சாசேஜ் வேணுமா, நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும்" என்றான்.

பத்துநாள் பேச்சுக்குப் பிறகு எம்பார் ஒரு ஒப்பந்தம் போட்டாள். கம்பெனி தன் நேரம் அளக்கிற ஆளை அனுப்பட்டும். ஜெர்மனியிலிருந்தும் ஆள் வந்து பார்க்கட்டும். பன்னிரண்டு கார் அளக்கலாம். சராசரி அறுபது விநாடிக்கு மேலே வந்தால், இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும் என்று அர்த்தம், இருபது நிமிடம் அப்படியே இருக்கும். அறுபதுக்குக் கீழே வந்தால் பன்னிரண்டு. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு வேலைநிறுத்தம் கிடையாது.

"என்னம்மா இப்படிப் போய் மாட்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"பௌதிலி அண்ணே, பன்னெண்டு கார மெதுவா மாட்டத் தெரியாதா நமக்கு? தலையச் சொறிங்க. போல்ட்டக் கீழ போடுங்க. ஒருத்தரும் அறுபத்து நாலுக்குக் கீழ வரக்கூடாது. அவ்ளோதான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அறுபத்து நாலு ஆவதில்லை. கதவைக் கீலில் மாட்டி முறுக்கினால் அது ஒரு நூல் தாழ்ந்துதான் உட்காரும். முறைப்படி என்றால் போல்ட்டைத் தளர்த்தி, தகட்டை வைத்து இடைவெளி பார்த்து, தூக்கிப் பிடித்து, திரும்ப முறுக்க வேண்டும். ஒனோரத் அதையெல்லாம் செய்வதில்லை. கதவை முறுக்கிவிட்டு அடுத்த காரைப் பார்த்துத் திரும்புவான். திரும்பும்போது இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தால் கதவின் அடியில் ஒரு இடி. துப். அவ்வளவுதான், கதவு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அவனைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொண்டோம். எனக்குப் பின்பக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் தோளால் இடிப்பேன். மிச்சமாகிற நேரம் எங்களுடையது. மேலே யாருக்கும் அது தெரியாது.

அளக்கிற நாள் வந்தது. நேரம் அளக்கிறவர் பெயர் அர்ரியேத்தா, பம்ப்லோனாக்காரர். கெட்டவர் இல்லை. எதையும் சரியாக எழுதிவிட வேண்டும் என்ற நோய் உள்ளவர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, அட்டையில் தாள். ஜெர்மனியிலிருந்து ரோஸ்வித்தா என்று ஒரு பெண், அங்கே தொழிலாளர் சபையில் இருப்பவள். ஆறடி உயரம், கத்தரித்த முடி, கயிற்றில் தொங்குகிற கண்ணாடி. கூடவே வாயே திறக்காத ஒரு ஆள்.

முதல் மூன்று காரும் பிரமாதம். ஒனோரத் தலையைச் சொறிந்தான். போல்ட்டைக் கீழே போட்டு, அதை ஆண்டவனே தேடித் தரட்டும் என்பதுபோல் நின்றான். அறுபத்தாறு, அறுபத்தைந்து, அறுபத்தெட்டு. லியாந்த்ரோவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எம்பார் கீல் பெட்டிக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணடித்தாள்.

அப்போது ரோஸ்வித்தா பக்கத்து ஆளிடம் ஜெர்மனில் சொன்னாள்: "இவன் கதவு மாட்டுறவனா, இல்ல இவனேதான் கதவா?"

நான் சிரித்துத் தொலைத்தேன்.

"என்னடா சொல்றா?" என்றான் ஒனோரத்.

நல்ல மனுஷனாக இருந்தால், நீ பலசாலி என்கிறாள் என்று சொல்லியிருப்பேன். நான் அப்படியே சொன்னேன். அதோடு விட்டேனா? கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்: "அவங்க ஊர்ல மாசமா இருக்கிற பொம்பள இத விட வேகமா மாட்டுவாளாம்."

ஒனோரத்தின் காது சிவந்தது. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான். அவனுக்குச் சாசேஜும் ஞாபகம் இல்லை, எம்பாரும் ஞாபகம் இல்லை. அடுத்த கதவு ஐம்பத்திரண்டு. அதற்கடுத்தது ஐம்பது. துப். துப். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் சூடு ஏறிவிட்டது. கதவு மாட்டுகிறவனைப் பார்த்து ஒருத்தி அப்படிச் சொல்லலாமா? நானும் என் பங்குக்கு இரண்டு காரை ஐம்பத்தொன்றில் முடித்துவிட்டு, ரோஸ்வித்தாவை ஒரு பார்வை பார்த்தேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தாள். அசந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் மூன்று காரும் "தொழிலாளி பதற்றத்தில் இருந்தபோது செய்தவை" என்று கம்பெனி தள்ளிவிட்டது. மிச்சம் ஒன்பதின் சராசரி ஐம்பத்தொன்று. தள்ளாமல் விட்டாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்காது, சண்டை போடவும் வழி இல்லை. லியாந்த்ரோ ஒனோரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒனோரத்துக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு எம்பார் வந்தாள்.

"உன் குண்டிய வெட்டி எடுத்து அதுலயே ரொட்டி வெச்சுத் தின்னுடா, மாடு!" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க வாய்க்கு ரெண்டு போல்ட் போட்டு முறுக்கணும்."

"அவதாம்மா சொன்னா."

"அவ சொன்னா. உங்கள யாரு மொழிபெயர்க்கச் சொன்னது?"

நான் குனிந்து, ஒனோரத் கீழே போட்ட போல்ட்டுகளைப் பொறுக்கினேன்.

அடுத்த திங்கள் பன்னிரண்டு நிமிடம் அமலுக்கு வந்தது. லைனிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு நடக்க மூன்று நிமிடம். கை கழுவ வரிசையில் இரண்டு. திரும்பி வர மூன்று. மிச்சம் நாலு. நாலு நிமிடத்தில் அரை முழ ரொட்டி! ஒனோரத் கடலையைத் தோலோடு விழுங்கினான். ஒருத்தனுக்கு விக்கி, ஆலிவ் கொட்டை எதிரே இருந்தவன் கண்ணாடியில் போய் அடித்தது. ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. பேசினால் மெல்ல முடியாதே. அன்று என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இருபது வருடமாகத் தெரிந்தவர்கள். ரொட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேஜை தள்ளிப் போனார்கள். எனக்கு அது உறைத்தது.

அன்று மாலை லைன் தூணில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். அர்ரியேத்தா எழுதியது. தலைப்பில் "இடது முன் கதவு, 51 விநாடி". கீழே பதினெட்டு அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் விநாடி. கடைசியில் லியாந்த்ரோவின் கையெழுத்து, அதற்கு மேலே சிவப்பில் ஒரு வரி: இதில் உள்ளபடியே செய்ய வேண்டும், கூட்டவோ குறைக்கவோ செய்தால் சம்பளம் பிடிக்கப்படும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகத்தான் படிப்பேன். வேகமாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் அதை ஏற்கெனவே படித்துத் திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என் விரல் பதினெட்டில் வந்து நின்றது.

"18. தொழிலாளி அடுத்த காரை நோக்கித் திரும்புகிறார். 2 விநாடி."

திரும்புகிறார்! இடிக்கிறார் என்று இல்லை. அந்த மனுஷன் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடி முடிந்துவிட்டது. அவர் கண்ணுக்கு ஒரு தடியன் திரும்பியது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

எம்பாரை இழுத்துவந்து விரலை வைத்துக் காட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"உங்கள இன்னும் மன்னிக்கல" என்றாள். "ஆனா நாளைலேர்ந்து நாம எல்லாரும் நல்ல பிள்ளைங்க. தாள்ல என்ன இருக்கோ அத மட்டும் செய்யறோம்."

"வேலைநிறுத்தம் பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே?"

"இது வேலைநிறுத்தமா? இது கீழ்ப்படிதல் அண்ணே."

மறுநாள் காலை அப்படியே ஒரு ஒழுங்கு. எடுத்தோம், மாட்டினோம், முறுக்கினோம். ஐம்பத்தொரு விநாடியில் அடுத்த காரை நோக்கித் திரும்பினோம். ஒனோரத் திரும்பும்போது கதவு படாமல் இருக்க, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கல்யாணப்பெண் மாதிரி அசைந்து போனான். கதவு ஒவ்வொன்றும் ஒரு நூல் தாழ்ந்து உட்கார்ந்தது. சாத்தினால் மேலே ஒரு விரல் நுழைந்தது. கீழே உரசியது. லைன் முனையில் சோதிக்கிறவர்கள் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒட்டி, பத்து மணிக்குள் சீட்டே தீர்ந்துபோனது. வலது பக்கத்துக்காரர்களும் எங்களைப் பார்த்து நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள்.

முதல் நாள் முந்நூற்று எண்பது கார். செப்பனிடும் முற்றம் நிறைந்தது. இரண்டாம் நாள் தொழிலாளர் வண்டி நிறுத்துகிற இடம் நிறைந்தது. மூன்றாம் நாள் மேனேஜர்கள் நிறுத்துகிற இடம். அதையும் தாண்டி வயல் ஓரம் வரை வரிசை போனது. கடைசிக் காரின் கூரையில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. லியாந்த்ரோ தன் காரை நெடுஞ்சாலைப் பக்கம் விட்டுவிட்டு, வெயிலில் நடந்து வந்தார்.

அர்ரியேத்தா ஓடி வந்தார். என் பக்கத்தில் நின்று தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பௌதிலி, போன வாரம் செஞ்ச மாதிரியே செய்யுங்க."

"அப்படித்தான் சார் செய்யறேன். பாருங்க, பதினாறு, முறுக்கறேன். பதினேழு, கருவியக் கொக்கியில மாட்டறேன். பதினெட்டு, திரும்பறேன். இப்ப ரெண்டு விநாடி ஆச்சா?"

அவர் வாட்ச்சைப் பார்த்தார். "ஆச்சு."

"அப்புறம் என்ன சார் குத்தம்?"

"கதவு சாத்த மாட்டேங்குதே!"

"சாத்தணும்னு தாள்ல இல்லயே சார்."

அவர் தாளை மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலேயும் படித்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நிமிடத்தில் ரொட்டி தின்றவனுக்கு ரொம்பப் பாவம் வராது.

வியாழக்கிழமை யூனியன் அறைக்கு ஜெர்மனியிலிருந்து தொலைபேசி வந்தது. எம்பார் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். ரோஸ்வித்தா. அவள் முதல் மூன்று நிமிடம் என்னைத் திட்டினாள். பாத்திர ஆலையை விட்டு வந்த பிறகு இவ்வளவு நல்ல ஜெர்மன் நான் கேட்டதில்லை.

"என்ன சொல்றா?" என்றாள் எம்பார்.

"மொழிபெயர்க்கட்டுமா, வேணாமா?"

"சொல்லித் தொலைங்க."

"நாம முட்டாள்களாம். அவ இங்க வந்ததே நாம மெதுவா மாட்டறதப் பாத்துட்டு, ஊருக்குப் போய் இந்த வேலைக்கு இவ்ளோ நேரம் ஆகும்னு அங்கயும் சொல்லத்தானாம். நாம ஆட்டம் போட்டுக் காட்டினோமாம். இப்ப அதே தாள அங்கயும் ஒட்டிட்டாங்களாம். ஸ்பெயின்காரன் பன்னெண்டு நிமிஷத்துல தின்னுட்டு வேலை செய்யறான், நீங்களும் அப்படியே செய்யுங்கன்னு அவங்க இடைவேளையையும் குறைச்சுட்டாங்களாம்."

"அவங்க ஐம்பத்தெட்டு விநாடில மாட்டறாங்கன்னாங்களே?"

கேட்டேன். ரோஸ்வித்தா சிரித்த சிரிப்பு எம்பாருக்கே கேட்டது. அந்த ஐம்பத்தெட்டு, ஊர்க்காரர்களுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டிய நாளில், கண்ணாடி போடாத வெறும் கதவை வைத்துச் செய்து காட்டியதாம். நிஜத்தில் அறுபத்தாறாம்.

நீலக் கம்பம், சிவப்புக் கம்பம்! இதற்குத்தான் நான் யாரையும் நம்புவதில்லை.

"உங்க கதவெல்லாம் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"தாள்ல இருக்கிற மாதிரிதான் செய்யறோம், நாங்க ஜெர்மன்காரங்க இல்லயா" என்றாள். "இங்க நேத்திக்கு மழை. இருநூறு கார்ல தண்ணி நிக்குது. உங்க ஆளு என்னமோ செஞ்சானே, அது என்ன?"

நான் சந்தேகப்பிராணி. ஆனாலும் இருநூறு காரில் தண்ணீர் நிற்கிறது என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லும்போது மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன்.

"அந்த உடம்பத்தான் நான் கதவுன்னு சொன்னேன்" என்றாள். "அவன் கிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு. யார் கேட்டாலும் இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது."

வெள்ளிக்கிழமை லியாந்த்ரோ லைனுக்கே வந்துவிட்டார். கூட அர்ரியேத்தா, பாதுகாப்புப் பிரிவு டாக்டர் சொலெர். டாக்டர் ஒல்லியான, எதற்கும் கையெழுத்துப் போடப் பயப்படுகிற மனிதர்.

"ஏதோ ஒரு வித்தை இருக்கு" என்றார் லியாந்த்ரோ. "அது என்னன்னு சொல்லுங்க. யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

எம்பார் ஒனோரத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் அவள் சட்டையை இழுத்தேன். "ஏம்மா, காட்டிட்டா அதத் தாள்ல எழுதிடுவாங்களே. அப்புறம் அம்பத்தொண்ணுதான நிரந்தரம்!"

"டாக்டர் மூஞ்சியப் பாருங்க அண்ணே" என்றாள். "எழுதட்டும், பாப்போம்."

ஒனோரத் கதவை மாட்டினான், முறுக்கினான், திரும்பினான். துப். கதவைச் சாத்திக் காட்டினான். வங்கிப் பெட்டகம் மாதிரிச் சாத்திக்கொண்டது. லியாந்த்ரோ இரண்டு கையையும் தட்டினார்.

"இவ்வளவுதானா! எழுதுங்க அர்ரியேத்தா, எழுதுங்க!"

அர்ரியேத்தா பேனாவைத் திறந்தார். அவருடைய நோய் எங்களுக்கு உதவிக்கு வந்தது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது" என்றான் ஒனோரத்.

"இடது... இடுப்பா?"

"அதுக்குக் கீழ சார். சதை இருக்கிற எடம்."

"எவ்வளவு விசை?"

"விசைன்னா?"

"எவ்வளவு பலமா இடிக்கிறீங்க?"

"என் மாமியார் கதவத் தட்டினா எவ்வளவு பலமா சாத்துவேனோ, அவ்வளவு."

அர்ரியேத்தா எழுதவில்லை. "உங்க எடை என்ன? எடை தெரியாம எழுத முடியாது. எழுபது கிலோ ஆள் இடிச்சா கதவு நகராது. நூறு கிலோவுக்குக் குறையாத தொழிலாளின்னு போடணும்."

"அப்போ நான்?" என்றேன். "எனக்கு அறுபத்தொண்ணுதான். என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவீங்களா?"

"எம்பார், உன் எடை என்ன?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டு அடி வாங்கினான்.

டாக்டர் சொலெர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், இது எழுதக்கூடாது. உடம்பக் கருவியாப் பயன்படுத்தறதுக்கு விதியில இடம் இல்ல. நான் கையெழுத்துப் போட்டா, பத்து வருஷம் கழிச்சு முந்நூறு பேர் இடுப்பப் பிடிச்சிட்டு வந்து நிப்பாங்க. முந்நூறு இடுப்பு சார். கம்பெனிதான் பாத்துக்கணும்."

"எனக்கு இப்பவே லேசா வலிக்குது" என்றான் ஒனோரத்.

லியாந்த்ரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி. எழுத வேணாம். எழுதாமலே செய்யட்டும். முன்ன எப்படியோ அப்படி."

எம்பார் தூணுக்குப் போய்த் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். சிவப்பு வரியை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"கூட்டவோ குறைக்கவோ செஞ்சா சம்பளம் பிடிப்போம்னு இதுல கையெழுத்துப் போட்டது யாரு சார்? நாங்க ஏழைங்க. சம்பளம் போனா என்ன பண்ணுவோம்?"

"நான் பிடிக்க மாட்டேன்."

"அதயும் எழுதித் தாங்க. 'இடிச்சா சம்பளம் பிடிக்க மாட்டேன்'னு. டாக்டர் பக்கத்துல கையெழுத்துப் போடட்டும்."

டாக்டர் இரண்டு அடி பின்னால் போனார்.

அதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை. எழுத முடிந்த ஒரே முறை போல்ட்டைத் தளர்த்தித் தகடு வைத்துப் பார்க்கிற முறைதான். அர்ரியேத்தா அதை அளந்தார். எழுபத்தொரு விநாடி. ஜெர்மனியிலும் அதே தாள்தான் ஒட்டியாக வேண்டும், ஆகவே சிவப்புக் கம்பமும் நீலக் கம்பமும் ஒரே உயரம். எழுபத்தொன்று அறுபதுக்கு மேலே. ஒப்பந்தப்படி எங்கள் இருபது நிமிடம் திரும்பியாக வேண்டும். பதிலுக்கு, வயல் ஓரம் வரை நிற்கிற கார்களைச் சனிக்கிழமை வந்து சரிசெய்து தருகிறோம் என்று எம்பார் ஒத்துக்கொண்டாள். ஒரு கதவுக்கு எழுபத்தொரு விநாடிக் கணக்கில் கூலி. அன்று முற்றத்தில் மேற்பார்வைக்கு யாரும் வரவில்லை. யாரும் எதையும் பார்க்க விரும்பவில்லை. காலை முழுக்கத் துப், துப் என்று வயல் வரை கேட்டது. கொக்கு பறந்து போய்விட்டது.

வேன் எங்களுக்கே வந்தது. ஜெர்மனிக்கு வேறொரு கார் போனது. அது ஒன்பது மாதத்துக்கு முன்பே மேலே முடிவான விஷயம், எங்கள் ரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு ஒருவர் சொன்னார். அவரையும் நான் நம்பவில்லை.

இருபது நிமிடத்துக்கான புதுக் காகிதத்தில் கையெழுத்துப் போட, லியாந்த்ரோ திங்கள் காலை பேனாவை எடுத்தார். எம்பார் காகிதத்தின் மேல் கை வைத்தாள்.

"ஒரு சின்ன விஷயம் சார். போன வாரம் பன்னெண்டு நிமிஷத்துல எட்டு நிமிஷம் நடந்தோம், கை கழுவினோம். திங்கறதுக்கு நாலுதான். இனிமே அப்படி வேணாம். இருபது நிமிஷம் எப்பலேர்ந்து கணக்குன்னு எழுதிடுவோம்."

"எப்பலேர்ந்து?"

"முதல் கடிலேர்ந்து."

லியாந்த்ரோவுக்கு அப்போது முற்றம் காலியானால் போதும். சிரித்துக்கொண்டே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒன்பதரைக்கு லைன் நின்றது. நிதானமாக நடந்து போனோம். கை கழுவினோம். என் பக்கத்தில் இடம் இல்லாமல் ஒனோரத் பாதி பெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தான். ரொட்டிகளைப் பிரித்து மேஜையில் வைத்தோம். எம்பார் தக்காளி நறுக்கினாள். ஒருவன் தன் மகளுக்கு நிச்சயமான கதையைச் சொன்னான். மாப்பிள்ளை யார், அவன் அப்பன் யார், அந்த அப்பன் ஆரஞ்சுத் தோட்டத்தை எப்படி விற்றுத் தின்றான் என்று வரிசையாகப் போனது. மேற்பார்வையாளன் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கள் மேஜை முனையில் வந்து நின்றான். கடிகாரத்தைப் பார்ப்பதா, எங்கள் வாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தான்.

"எப்பய்யா கடிப்பீங்க?" என்றான் கடைசியில்.

"ஆலிவ் இன்னும் வரலியே" என்றேன் நான்.